சானடோரியம் தந்த டாக்டர் முத்து

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்தவர்கள், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையில் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வருவதை அறிவீர்கள். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று நம்மில் பலர் கேட்டதில்லை. நாமும் 2001ஆம் ஆண்டு வரை கேட்டதில்லை. அந்த நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டிய தேவை நமக்கு ஏற்பட்ட கதையைப் பின்னர் கூறுகின்றோம். அதற்கு முன்பாக, அந்த மருத்துவமனையைத் தோற்றுவித்த மனிதரைப் பற்றிச் சில செய்திகளைக் கூறியாக வேண்டும்.

அவர் பெயர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. 1864இல் பிறந்தவர். இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று, அந்நாட்டிலேயே காசநோய் மருத்துவத்தில் புகழ் பெற்றவர். சாமர்செட் மாவட்டத்தில் மெண்டிப் குன்றுகளில் அமைந்திருந்த காசநோய் இல்லத்திற்கு அவரே தலைமை மருத்துவர். நம் நாடு அந்நியருக்கு அடிமைப்பட்டிருந்த அக்காலத்தில், ஆங்கிலேய நோயாளிகள் ஓர் இந்தியரை நம்பி அவரது இல்லத்தில் மாதக்கணக்கில் தங்கினர் என்பது சாதாரணச் செய்தியன்று.

கணித மேதை இராமானுசனும் அவரிடம் நோயாளியாக இருந்தவரே. 1914இல் இராமானுசன் சென்னையிலிருந்து ‘நெவாசா’ என்ற கப்பலில் இங்கிலாந்து சென்றபோது, அதே கப்பலில் டாக்டர் முத்துவும் பயணம் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இராமானுசன் நோயுற்றபோது மெண்டிப் இல்லத்தில் சிறிது காலம் தங்கிப் பின்னர் வேறு இல்லங்களுக்கு மாறினார். 1920இல் சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். அவருக்கு வந்தது காசநோயே அன்று, குடலிலிருந்து கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுவது தனிச் செய்தி.

அக்காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. சயரோகம், எலும்புருக்கி என்று நம் பாட்டனார்கள் அஞ்சிய நோய் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, சிறுகச் சிறுகக் கூட்டப்படும் நடை இவையே சிகிச்சை. இவற்றை ஏழைகள் எங்கே தேடுவர்? டாக்டர் முத்து தாயகம் திரும்பி, 1928இல், தமது 64ஆம் வயதில், தாம்பரத்தை அடுத்து ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில் 12 படுக்கைகளுடன் காசநோய் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். ஓய்வெடுக்கும் வயதில், பிறர் அருகில் நிற்கவும் அஞ்சிய நோயாளிகளை அவர் அழைத்து வைத்துக் கொண்டார். 1937இல் அரசு அதனை ஏற்றது. 1940இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில் எய்ட்ஸ் நோயாளிகளை மருத்துவமனைகள் பலவும் திருப்பி அனுப்பிய 1990களில், அவர்களை ஏற்றுக்கொண்ட இடமும் இதுவே.

டாக்டர் முத்து தவறே செய்யாதவர் என்று நாம் கூறவில்லை. காசநோய்க் கிருமியை 1882இலேயே ராபர்ட் காக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்துவிட்டார். ஆனால் கிருமியே இந்நோய்க்கு முதற்காரணம் என்பதை டாக்டர் முத்து ஏற்கவில்லை. வறுமை, நெருக்கடியான வீடுகள், போதிய உணவின்மை இவையே மூலம் என்று எழுதி வந்தார். கிருமியைப் பற்றி அவர் கொண்ட கருத்து பிழையானது. வறுமையைப் பற்றிக் கூறியதோ இன்றும் நிற்கின்றது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் சத்துள்ள உணவுப் பொருட்கள் வழங்கப்பட்டன. அவ்வீடுகளில் மற்றவருக்கு நோய் உண்டாவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

அவர் காணாமற் போன மற்றொரு மாற்றமும் உண்டு. 1940களில் ஸ்டிரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியசிட் மாத்திரையும் வந்தன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பெற்று, ஒரு பெரும் சோதனை நடைபெற்றது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தனர். மறு பகுதியினரை அவர்தம் வீடுகளிலேயே விட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்து. சானடோரியத்தில் இருந்தோருக்கு ஓய்வும் நல்லுணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கோ குறைந்த உணவு, நெருக்கடியான இருப்பிடம். 1959இல் முடிவு வெளியானபோது உலக மருத்துவர்கள் வியந்தனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவுமில்லை. காசநோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை என்று உலகிற்கு எடுத்துக் காட்டியது நம் சென்னைதான்.

பெரியோர்களே! மருந்து இல்லாத காலத்தில் டாக்டர் முத்து நோயாளிக்கு இடம் கொடுத்தார். மருந்து வந்த பிறகு நாம் இடம் கொடுக்க மறுக்கின்றோம். இதனைப் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை.

1998இல் நாம் மதரஸாவில் ஓதிக் கொண்டிருந்தபோது, ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்பது வழக்கம். நம் சஹனில் உண்ட மாணவர் ஒருவருக்கு இருமல் வந்தது. வாரங்கள் கடந்தன. ஒரு நாள் சுபுஹுக்கு உளூச் செய்யும்போது சளியில் இரத்தம் கண்டது. அன்று முதல் அவருக்குத் தனி அலுமினியத் தட்டு. நாமும் நம் பாயைச் சுருட்டிக் கொண்டு அறையின் மறு மூலைக்குச் சென்றோம். சில நாட்களில் அவரை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். தட்டினாலும் குவளையினாலும் இந்நோய் பரவுவதில்லை, இருமும்போது வெளிப்படும் காற்றின் வழியாகவே பரவுகின்றது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

ஊரில் அவர் மாத்திரை உண்டார். இரண்டு மாதங்களில் இருமல் நின்றது, உடலும் தேறியது. அச்சமயம் அவருடைய தங்கைக்கு வரன் பார்த்துக் கொண்டிருந்தார்கள். சுகாதாரப் பணியாளர் வாசலுக்கு வந்தால் பேச்சு எழும் என்று வீட்டார் அஞ்சினர். மூன்றாம் மாதத்தில் அவர் மருந்தை நிறுத்தினார். நிகாஹ் நடந்தது. நோய் திரும்பியது. இம்முறை வழக்கமான மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை.

2001இல் அவர் தாம்பரத்தில் இருப்பதாகக் கேள்வியுற்றுப் பார்க்கச் சென்றோம். மரங்கள் அடர்ந்த வளாகம் அது. மிகவும் மெலிந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து அமர்ந்து, தமக்கென வைத்திருந்த ரொட்டியையும் தேநீரையும் நம் பக்கம் நகர்த்தி, “சாப்பிடுங்க ஹஜ்ரத்” என்றார். இன்று நோன்பு என்று நாம் கூறினோம். அன்று நாம் நோன்பு வைத்திருக்கவில்லை. அவர் அதனை அறிந்திருப்பார் என்றே எண்ணுகின்றோம். மறு ஆண்டு அவர் வஃபாத்தானார்.

இப்போதைய நிலையைச் சொல்லி நிறைவு செய்கின்றோம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதங்கள் மருந்து, அதுவும் இலவசம். முறையாக உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் பிறருக்குப் பரவும் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். ஆனால் குணமானது போலத் தோன்றும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் நிறுத்துவதே பேராபத்து. 2018 முதல் அரசு சத்துணவிற்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பத்திற்கு உதவ நம் ஜமாஅத் அலுவலகத்தில் ஆள் இருக்கின்றார். பெயர்ப் பதிவேடு எதுவும் வைக்கமாட்டோம்.

பரிசோதனைக்குத் தனியே செல்லத் தயங்குபவர் எவரேனும் இருந்தால், அஸருக்குப் பின் நம் அறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். மருத்துவமனைக்கு நாமும் உடன் வருகின்றோம். திரும்பும் வழியில் சேர்ந்து உண்ணலாம்.

வஸ்ஸலாம்.