பதவியைத் துறந்தவர்

முன்மாதிரி என்பவர், தம் நடத்தையோடு ஒப்பிட்டு மற்றவர்கள் தங்களைத் திருத்திக்கொள்ளத் தக்கவர் ஆதலால், அவர் பெற்ற பதவிகளைவிட, எதற்காகப் பதவியை விட்டார் என்பதே இளையோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்து, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க வாதாடியவர். 1930இல் காந்தியடிகள் கைதானபோது, அதை எதிர்த்து உறுப்பினர் பதவியையே துறந்தார். அவரை மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண் என்பதோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்வது போதாது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமியருக்குத் தம் வீட்டிலேயே அடைக்கலம் தந்து அவ்வை இல்லத்தை உருவாக்கியவரும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தால் தளர்ந்துவிடாமல் 1954இல் அடையாற்றில் அந்நோய்க்கென மருத்துவமனை தொடங்கியவரும் அவரே.