தாய்மொழி, மரியாதை, நாடு: நைஜீரியாவில் நாங்கள் கற்றவை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



இந்த உரையை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதினோம். ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். இன்று ஒருவர் யாழ்ப்பாணத்தில், மற்றவர் ரொறன்ரோவில். வாசிப்பது ஒருவர், பிழை இருந்தால் இருவரையும் கண்டிக்கலாம். எங்களுக்கு இலக்கணம் கற்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறா. அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் தொடங்குகிறோம்.

“ஆபிரிக்க அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்று செயற்குழு கேட்டது. எங்கள் காலத்துப் பலருக்கு அது புதினமில்லை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இலங்கை ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நைஜீரியாவின் மேற்கு மாநிலங்களில் 1979 இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள், படிப்பிக்க ஆள் போதவில்லை. அந்த வெற்றிடத்துக்கு 1981 செப்ரெம்பரில் போய்ச் சேர்ந்தவர்களில் நாங்களும் இருவர். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. நூலகம் எரிந்து மூன்று மாதங்கூட நிறையாத காலத்தில் பெட்டி கட்டினோம்.

எங்கள் பள்ளிக்கூடம் இலே-இஃபே நகரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், யொருபா மக்கள் வாழும் ஒரு சிறு பட்டினத்தில் இருந்தது. ஒருவர் கணிதம், மற்றவர் ஆங்கிலம். முதல் நாள் காலை வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு மாணவி எங்களைக் கண்டதும் கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைத்து, இரண்டு முழந்தாளும் மண்ணில் படக் குனிந்து “எ காரோ” என்றாள். காலை வணக்கம் என்று பொருள். நாங்கள் பதறிப்போனோம். எழும்பு பிள்ளை, எழும்பு என்று தமிழிலேயே சொல்லிவிட்டோம். அங்கே பெண்பிள்ளைகள் முழந்தாளிடுவார்கள், ஆண்பிள்ளைகள் நெடுஞ்சாண்கிடையாக விழுவார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அந்த “எ” என்ற எழுத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம். யொருபாவில் ஒத்த வயதினரையும் இளையவரையும் “ஒ” என்பார்கள், மூத்தவரை “எ” என்பார்கள். நீ, நீங்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சக ஆசிரியை ஒருவர் விளக்கியபோது எங்களுக்கு வீட்டு முற்றத்தில் நிற்பதுபோல இருந்தது. வேலை செய்கிறவருக்கு ஒரு வணக்கம், பயணம் போய் வந்தவருக்கு ஒரு வணக்கம், சும்மா இருக்கிறவருக்கும் ஒரு வணக்கம் உண்டு. வணக்கம் சொல்லாமல் ஒருவரைக் கடந்து போனால் அது வளர்ப்பின் குறை. படிப்பு எவ்வளவு இருந்தாலும் அந்தக் குறையை மூடாது.

ஆனால் பள்ளிக்கூட வாசலுக்குள் அந்த மொழிக்கு இடமில்லை. வளவுக்குள் யொருபா பேசினால் ஐந்து கோபோ தண்டம். வகுப்புத் தலைவி பெயர் எழுதுவாள், வெள்ளிக்கிழமை காசு சேர்க்கப்படும். சேர்த்தவர்கள் நாங்கள். ஆம், தாய்மொழிக்காக நாடு எரிந்துகொண்டிருக்கிறது என்று கடிதம் எழுதிய அதே கையால் இன்னொரு இனத்துப் பிள்ளையிடம் தாய்மொழி பேசியதற்குத் தண்டம் வாங்கினோம். இதில் முரண் இருப்பதாக முதல் தவணையில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சட்டம் என்றால் சட்டம் என்று இந்தப் பள்ளிக்கூடத்தில் பழக்கப்பட்டவர்கள் அல்லவா நாங்கள்!

கண் திறந்தது ஒரு கட்டுரைக் கொப்பியால். “என் தகப்பனார்” என்பது தலைப்பு. ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தகப்பன் கொக்கோத் தோட்டத்துக்குப் போவது, கால் வீங்கி வருவது, அவளுக்குச் சீருடை வாங்க ஆட்டை விற்றது. நல்ல கட்டுரை. ஆனால் “ஹீ” என்று வரவேண்டிய இடமெல்லாம் “தே” என்று எழுதியிருந்தாள். ஆங்கிலம் படிப்பித்தவர் பதினேழு இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, ஒருமை பன்மை தெரியவில்லை என்று எழுதி, நூற்றுக்கு முப்பத்தைந்து புள்ளி கொடுத்தார்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அழவில்லை. மிக மெதுவாக, முழந்தாளிட்டபடியே, தகப்பனை “ஹீ” என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை என்றாள். யொருபாவில் மூத்தவரை “அவன்” என்று சொல்ல முடியாது. “அவர்கள்” என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றிரவு நாங்கள் இருவரும் மண்ணெண்ணெய் விளக்கடியில் அதிகம் பேசவில்லை. “ஐயா வந்தார்கள்” என்று எழுதிப் பழகிய எங்களுக்குத் தெரியாதா அது? ஆங்கில இலக்கணப்படி கோடு சரிதான். சோதனைத் தாளிலும் அது பிழையாகத்தான் கணக்கிடப்படும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் “ஒருமை பன்மை தெரியவில்லை” என்று எழுதியது பொய். அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அதைச் சக ஆசிரியையிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, பேராசிரியர் ஃபாஃபுன்வாவின் பெயரைச் சொன்னார். நாங்கள் முதன்முதலாக அந்தப் பெயரைக் கேட்டது அப்போதுதான்.

பாப்ஸ் ஃபாஃபுன்வா 1923 இல் பிறந்தவர். கல்வியியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் நைஜீரியர். 1955 இல் நியூயோர்க்கில் பெற்றார். உயர்கல்வி பெற்றது ஆங்கிலத்தில். அப்படிப்பட்டவர் இஃபே பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1970 இல், ஒரு சாதாரண தொடக்கப் பள்ளியில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அதுவரை பிள்ளைகள் முதல் மூன்று வருடம் யொருபாவில் படித்து, நான்காம் வருடம் ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலில் விழுந்தவர்கள் பலர் எழும்பவே இல்லை. ஃபாஃபுன்வாவின் வகுப்பில் ஆறு வருடமும் கணிதம், விஞ்ஞானம், சமூகக்கல்வி எல்லாம் யொருபாவில். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, அதற்கென்றே பயிற்றப்பட்ட ஆசிரியர் கற்பித்தார். பக்கத்து வகுப்பு பழைய முறைப்படியே நடந்தது.

முடிவு என்னவென்றால், யொருபாவில் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தினார்கள்; ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

எங்களுக்கு இது வியப்பாக இருக்கவில்லை என்றால் நம்புவீர்களா? நாங்களே அதற்குச் சாட்சி. முக்கோணி, செம்பக்கம், வகையீடு என்று இந்தப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் தமிழில் கணிதம் படித்தவர்தான் அங்கே போய் ஆங்கிலத்தில் கணிதம் படிப்பித்தார். முதல் மாதம் அகராதியைக் கட்டிக்கொண்டு படுத்தார் என்பது உண்மை. இரண்டாம் தவணையில் அது தேவைப்படவில்லை. விளங்கிய கணக்கை எந்த மொழிக்கும் கொண்டுபோகலாம், விளங்காததைத்தான் தூக்க முடியாது. செம்பக்கம் என்ற சொல்லும் தானாக வந்ததில்லை. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் குந்தியிருந்து சொல் ஆக்கியிருக்கிறார்கள். இஃபேயிலும் அந்த வேலையைச் செய்தார்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் யொருபாச் சொற்கள், புதிய பாடநூல்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பரிசோதனை வென்றதற்கு மொழி மட்டும் காரணமா, இந்த உழைப்பும் காரணமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆனால் அவருக்கு வந்த பெரிய எதிர்ப்பு பாடநூலைப் பற்றியதல்ல; நாட்டைப் பற்றியது. 1970 என்பது பியாஃப்ரா யுத்தம் முடிந்த ஆண்டு. நாடு உடைந்து, திரும்பவும் ஒட்டப்பட்டிருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள். அவரவர் மொழியில் படித்தால் அவரவர் பக்கம் இழுக்கமாட்டார்களா, ஆங்கிலம் அல்லவா ஒரே கூரை என்றார்கள். ஃபாஃபுன்வாவின் எண்ணம் வேறு. தன் வீட்டு மொழி பள்ளிக்கூடத்தில் மதிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைக்குத்தான் அந்த நாடு தன்னுடையது என்று தோன்றும். நாங்கள் விளங்கிக்கொண்ட வரையில் அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது இதுதான். 1977 இன் தேசியக் கல்விக் கொள்கை அந்தத் திசையில் ஓரடி வைத்தது. தொடக்கத்தில் தாய்மொழி அல்லது சுற்றாடல் மொழி. அதோடு ஒவ்வொரு பிள்ளையும் ஹௌசா, யொருபா, இக்போ மூன்றில் தன்னுடையதல்லாத ஒன்றைப் படிக்க வேண்டும். “வஸோபியா” என்று அங்கே ஒரு சொல் உண்டு. வா என்பதற்கு யொருபாவில் “வ”, ஹௌசாவில் “ஸோ”, இக்போவில் “பியா”. மூன்றையும் சேர்த்துக் கட்டியது. எங்கள் நாட்டிலும் “வா”, “எண்ட” இரண்டையும் சேர்த்து யாராவது ஒரு சொல் கட்டியிருந்தால்! 1956 இல் நாங்கள் கட்டியது வேறு.

அந்தச் சொல்லை நாங்கள் மெச்சியபோது ஒருவர் மெச்சவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர், தெற்கே ஆற்றுக் கழிமுகப் பக்கத்து ஒரு சிறு மொழியைச் சேர்ந்தவர். “மூன்று பெரியவர்களும் ஒருவரையொருவர் வா என்கிறார்கள். என்னை வா என்று சொல்ல என் மொழியில் ஆர் இருக்கினம்?” என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஃபாஃபுன்வாவின் பரிசோதனை யொருபாவில் நடந்தது. அது கோடிக்கணக்கானோர் பேசும் மொழி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலக்கணமும் அகராதியும் பத்திரிகையும் கண்ட மொழி. ஒரு கிராமத்தில் மட்டும் பேசப்படும் மொழிக்கு அதைச் செய்வது அவ்வளவு சுலபமல்ல. பெரிய மொழிக்காரருக்கு இது எப்போதும் பிந்தித்தான் விளங்குகிறது. நாங்கள் அங்கே பெரிய மொழிக்காரர் பக்கம் நின்று பார்த்தோம். இங்கே மற்றப் பக்கம்.

ஃபாஃபுன்வா 1990 முதல் 1992 வரை கல்வி அமைச்சராகவும் இருந்தார். 2010 இல் காலமானார். பிறகு 2022 நவம்பரில் ஆறு வருடத் தொடக்கக் கல்வியும் தாய்மொழியில் என்று நைஜீரிய அரசு கொள்கையாக ஏற்றது. இஃபேயில் ஒரு பள்ளியில் நடந்தது நாடு முழுவதற்கும் வரப்போகிறது என்று நாங்கள் தொலைபேசியில் ஆளுக்கு ஆள் வாழ்த்துச் சொன்னோம். 2025 நவம்பரில் அதே அரசு அதை ரத்துச் செய்து, ஆங்கிலமே கற்பித்தல் மொழி என்று அறிவித்தது. சோதனைப் பெறுபேறு குறைந்ததைக் காரணம் காட்டினார்கள். நூலும் ஆசிரியரும் கொடுக்காமல் மூன்று வருடத்தில் பெறுபேறு பார்ப்பது, பனங்கொட்டை புதைத்து மறுநாள் கிழங்கு கிண்டுகிற மாதிரி.

இனி வீட்டு விஷயம் ஒன்று. ரொறன்ரோவில் இருப்பவரின் பேத்திக்கு ஒன்பது வயது. தமிழ் விளங்கும், பேச்சு ஆங்கிலம்தான். போன மாரியில் அம்மம்மாவுக்கு அவள் தமிழில் ஒரு வாழ்த்து மடல் எழுதினாள். “அம்மம்மா, நீ சுகமா?” என்று தொடக்கம். பிள்ளையின் தாய் உடனே “நீங்கள் என்று எழுது” என்று பேனையை எடுத்துவிட்டா. பிள்ளை கேட்டது: ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒன்றுதானே, ஏன் இதில் இரண்டு?

அம்மம்மா அதற்கு விளக்கம் சொல்லவில்லை. நைஜீரியாக் கதையைச் சொன்னா. தண்ணீர் வாளியை வைத்துவிட்டு முழந்தாளிட்ட பிள்ளையை, தகப்பனை “ஹீ” என்று எழுத முடியாமற்போன பிள்ளையை. பேத்தி கேட்டாள், அந்த அக்காவுக்குப் பிறகு எத்தனை புள்ளி போட்டீர்கள் என்று. (“போட்டீர்கள்” என்று சரியாகவே கேட்டாள்.)

முப்பத்தைந்தை அறுபத்தெட்டாக மாற்றினோம். பதினேழு கோடுகளும் அப்படியே இருந்தன. சிவப்பு மையை அழிக்க முடியாது. கீழே நீல மையில், யொருபாவில் இது சரி, ஆங்கிலத்தில் இப்படி எழுத வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தோம். வெள்ளிக்கிழமைத் தண்டத்தை எங்களால் நிறுத்த முடியவில்லை. அது பள்ளிக்கூடச் சட்டம். எங்கள் வகுப்புகளில் மட்டும் பெயர் எழுதும் கொப்பி அடிக்கடி காணாமற்போகத் தொடங்கியது. வகுப்புத் தலைவி எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். நாங்கள் சன்னலுக்கு வெளியே பார்ப்போம்.

மத்தியானச் சாப்பாடு ஆறுகிறது என்று செயலாளர் கை காட்டுகிறா. ரீச்சர், பிழைகளைக் குறித்து வைத்திருப்பீர்கள், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம்.