புரிந்ததைத் தமிழில் சொல்லட்டும்



இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும்படி கேட்டபோது மகிழ்ந்தேன். கூடவே சற்று அச்சமும் வந்தது. எனக்கு முன் இந்த இடத்தில் நின்று பேசியவர்களில் என் ஆசிரியர்களும் இருந்தார்கள். இன்று முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் சிலர் நான் சொல்லப்போகும் கருத்தை முன்பே மறுத்து எழுதியவர்கள். அதனால் ஒவ்வொரு வரியையும் எடைபோட்டே எழுதி வந்திருக்கிறேன்.

உயர்நிலை வகுப்புகளில் ஆங்கில வாசிப்புப் புரிதலும் அதற்கான புதிய கருவிகளும் என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். கைப்பேசிச் செயலிகள், திறன் வகுப்பறைகள், செயற்கை நுண்ணறிவு தயாரிக்கும் வினாத்தாள்கள் பற்றியெல்லாம் இரண்டு நாளும் நல்ல கட்டுரைகள் வர இருக்கின்றன. அவற்றை வரவேற்கிறேன். எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனும் மொழியறிவும் சேர்ந்தால்தான் வாசிப்பு என்று கஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்னது முதல், ஐம்பது சொல்லில் ஒரு சொல்லுக்கு மேல் தெரியாமல் போனால் உதவியின்றிப் புரிந்துகொள்வது கடினம் என்று ஹூ, நேஷன் இருவரும் 2000இல் காட்டியது வரை இந்த அவைக்குத் தெரியாதது எதுவுமில்லை. அதைத் திரும்பச் சொல்லி நேரத்தைச் செலவிடப் போவதில்லை.

ஒரு கணக்கை மட்டும் நினைவூட்ட வேண்டும். கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களைப் பற்றியது. அவர்களில் ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர்தான். இந்த எண்களைக் காட்டி நம் பிள்ளைகளைக் குறை சொல்வது எளிது. நான் கவனிப்பது வேறொன்றை. அசர் ஆய்வில் வீடு தேடி வரும் தன்னார்வலரிடம், வாசித்த வாக்கியத்தின் பொருளைத் தன் சொந்த மொழியிலேயே சொல்லலாம். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதற்கு இடமில்லை. கிராமத்துத் திண்ணையில் நடக்கும் சோதனை புரிதலை மட்டும் தனியே பார்க்கிறது. நம் தேர்வோ புரிதலையும் ஆங்கிலத்தில் எழுதும் திறனையும் ஒன்றாகக் கலந்து ஒரே மதிப்பெண்ணாகப் போடுகிறது. இந்தக் கலப்பைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். கருத்தரங்கின் பொருளிலிருந்து விலகுவதாகச் சிலருக்குத் தோன்றலாம். பொருளின் நடுவில்தான் நிற்கிறேன் என்பது என் எண்ணம்.

நம் தேர்வு அளப்பது என்ன? ஒரு வாக்கியம் சொல்கிறேன்: “குலிமன் தொட்டாரில் பிசுவினான்.” குலிமன் எங்கே பிசுவினான் என்று கேட்டால் இந்த அரங்கில் எல்லோரும் ‘தொட்டாரில்’ என்பீர்கள். முழு மதிப்பெண் கிடைக்கும். தொட்டார் ஊரா, பாத்திரமா, பிசுவுதல் நல்லதா, கெட்டதா என்பது யாருக்கும் தெரியாது; நான் இட்டுக்கட்டிய சொற்கள் அவை. நம் புக் பேக் கேள்விகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியைச் சுற்றிப் பிராக்கெட் போட்டு, அப்படியே விடைத்தாளில் இறக்கிவிடலாம். ஆசிரியர்கள் இதைச் செய்யச் சொல்வது சோம்பலால் அன்று. ஆங்கிலத்தில் சொந்த வாக்கியம் எழுத வராத பிள்ளையைத் தேர்ச்சி பெற வைக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. விடை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று நாம் விதித்ததால், புரிந்த பிள்ளையும் புரியாத பிள்ளையும் ஒரே வரியைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இந்த இடத்தில், நம் துறை பெரிதும் மறந்துவிட்ட ஒரு நூலை மேசைமேல் வைக்க விரும்புகிறேன். 1926இல் கல்கத்தாவில் அன்றைய இந்திய அரசின் கல்விப் பிரிவு வெளியிட்ட அறிக்கை அது. எழுதியவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட். பொருள், வங்காளத்தை முன்வைத்து இருமொழியம். 1953இல் வந்த பொதுச் சொற்பட்டியலின் ஆசிரியராக அவரை நம் மாணவர்கள் அறிவார்கள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகவும் அவர் வருவதுண்டு. ஆனால் டாக்கா அறிக்கையைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் கல்வியியல் கல்லூரியை நான் கண்டதில்லை.

வெஸ்ட் தொடங்கிய இடம் மொழியியல் கோட்பாடு அன்று, வகுப்பறையில் உட்கார்ந்திருந்த வங்காளிச் சிறுவன். அவனுக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை? ஆங்கிலத்தில் பேசும் வாய்ப்பு சிலருக்கே வரும். அறிவைத் தேடிப் படிக்கும் தேவை பலருக்கு வரும். ஆகவே வாசிப்பு முதலில் வரட்டும், பேச்சு பின்னால் வரட்டும் என்றார். அன்றைய பாடநூல்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அவற்றைத் தூரத் தூரமாக விதைத்துத் தம் வாசிப்பு நூல்களை அமைத்தார். அதே காலத்தில் தோக்கியோவில் ஹரால்டு பாமர் பேச்சே முதலில் என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் 1934இல் நியூயார்க்கில் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த கூட்டத்தில் சந்தித்துச் சொல் தேர்வில் ஒன்றாக வேலை செய்தார்கள். ஆனால் நம் நாட்டுப் பாடத்திட்டங்களில் பின்னாளில் வென்றது பாமரின் வழி. ஐம்பதுகளின் கடைசியில் சென்னை மாநிலம் முழுவதும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த அமைப்பு முறை இயக்கம் வாய்மொழிப் பயிற்சியையே அடித்தளமாகக் கொண்டது.

வெஸ்ட் சொன்னவற்றில் எனக்கு மிக முக்கியமானது சரண்டர் வேல்யூ. ஆயுள் காப்பீட்டு பாலிசியை நடுவில் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்போமே, அதைப் போல ஒரு பிள்ளை படிப்பை எந்த வகுப்பில் நிறுத்தினாலும் அதுவரை படித்த ஆங்கிலத்தால் அவனுக்கு என்ன பயன் என்று கேட்டார் அவர். பேச்சுக்கும் இலக்கணத்துக்கும் முதல் ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு, பாதியில் நின்றவனுக்கு ஒன்றுமில்லாமல் செய்யும் முறையை அவர் ஏற்கவில்லை. எளிய வாசிப்பு மட்டும் கைவந்தாலும் அது அவனோடு போகும். பத்தாம் வகுப்போடு நின்று பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ பட்டறைக்கோ போகும் பெண்ணை, பையனை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையையும் மருந்து அட்டையையும் அவர்கள் வாசித்துப் புரிந்துகொண்டால் போதும். அதை யாருக்கும் ஆங்கிலத்தில் விளக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், புரிந்ததைப் பிள்ளைகள் தமிழிலேயே சொல்லட்டும் என்று வெஸ்டைத் துணைக்கு அழைத்துச் சொன்னபோது, நான் மதிக்கும் நண்பர் ஒருவர் வெஸ்டைக் காலனியக் கல்விச் சேவையின் ஊழியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கினார். ஊழியர் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தாய்மொழி வகுப்புக்குள் வரக்கூடாது என்ற கொள்கை எங்கே உறுதிப்பட்டது? 1961இல் உகாண்டாவின் மெக்கரேரெயில் காமன்வெல்த் நாடுகள் கூடிய மாநாட்டில். அதைப் பிழைக் கொள்கை என்று ராபர்ட் பிலிப்சன் 1992இல் விரிவாக எழுதினார். காலனிய வாசனை எதில் அதிகம் என்பதை அந்த நண்பர் மீண்டும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு மறுப்பு, விடையையும் ஆங்கிலத்திலேயே சொன்னால்தான் மொழி வளரும் என்று தொடர்பாடல் முறையைப் போற்றும் சகாக்களிடமிருந்து வருவது. அவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் சென்னையிலும் கடலூரிலும் உள்ள பள்ளிகளிலும் நடந்தது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கேள்வி கேட்டார்கள். விடை ஓர் எண்ணாகவோ வரைபடத்தில் ஒரு குறியாகவோ இருந்தாலும் போதும். பொருள் பிடிபட்டதா என்பதே சோதனை. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் திட்டத்திலிருந்து குழுவேலையையும் உரையாடலையும் எடுத்துக்கொண்டதாக நம்மில் பலர் எழுதுகிறோம். பிரபு குழுவேலையை ஊக்குவிக்கவில்லை என்பதை அவருடைய 1987ஆம் ஆண்டு நூலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

தமிழ் வகுப்பறைக்குள் வருவதால் புரிதல் கெடும் என்பவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ஜேம்ஸ் தர்பரின் பேய் நுழைந்த இரவுக் கதையில், வீட்டுக்குள் வந்த போலீஸ்காரர்களை மாடியில் இருக்கும் தாத்தா ஜெனரல் மீடின் படையிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் என்று எண்ணித் துப்பாக்கியால் சுடுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றித் தெரியாத பிள்ளைக்கு அகராதியில் எல்லாச் சொல்லும் கிடைத்தாலும் கதை கிடைக்காது. ஸ்டெஃபன்சனும் அவர் சகாக்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. அமெரிக்கத் திருமணம் பற்றிய கடிதத்தில் மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்று வருகிறது. அங்கே அது பெருமை. வாசித்த இந்தியர் ஒருவருக்கு அது பழசாகி வழக்கொழிந்த உடையாகப் பட்டது. இத்தனைக்கும் அவருடைய ஆங்கிலத்தில் குறை இல்லை. தாத்தாவின் மனதில் போர் இன்னும் முடியவில்லை என்பதை ஆசிரியர் தமிழில் இரண்டு நிமிடம் சொன்னால், அதன்பின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்தே சிரிப்பார்கள். நோட்ஸில் இருக்கும் தமிழ்ச் சுருக்கத்தை நான் கேட்கவில்லை. அது வாசிப்பையே தேவையற்றதாக்குகிறது. வாசிப்புக்கு முன் வரும் தமிழையும் வாசிப்புக்குப் பின் விடையாக வரும் தமிழையும்தான் கேட்கிறேன்.

ஒரு மறுப்பு மட்டும் கனமானது. ஓசூரில் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூரில் உருதும் பேசும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குத் தமிழ் விடையும் சுமைதான். அதனால்தான் தமிழ் விடையோடு, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துதல், படத்தைத் தேர்ந்தெடுத்தல், அட்டவணை நிரப்புதல் போன்ற விடைகளையும் சேர்க்கச் சொல்கிறேன். எழுதும் ஆங்கிலத்துக்குக் கடிதமும் பத்தியும் தனியே இருக்கின்றன. அதன் மதிப்பெண்ணை யாரும் குறைக்க வேண்டாம்.

இன்று பிற்பகல் மதிப்பீடு குறித்த அமர்வு இருக்கிறது. அதில் கட்டுரை வாசிக்கும் நண்பர்கள் முழு ஆங்கில விடைக்காக வாதிடுவார்கள் என்று சுருக்கங்களிலிருந்து தெரிகிறது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடநூலுக்கு வெளியிலிருந்து ஒரே பத்தியை எடுத்து, ஒரே வகுப்பைச் சம அளவிலான இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் ஆங்கிலத்திலும் மறு பிரிவினர் தமிழிலும் விடை எழுதட்டும். பத்தியில் நேரடியாகக் கிடைக்காத, ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளாக இருக்கட்டும். நான்-டீடெயில் நடத்தும் இரண்டு பாடவேளைகளில் இதைச் செய்துவிடலாம். அந்த விடைத்தாள்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நானும் என் மாணவர்களும் எங்களுடையதைக் கொண்டுவருகிறோம். இரண்டு கட்டுகளையும் இந்த மேசையில் வைத்துப் பேசுவோம்.