பிள்ளைகளுக்கு ஒரு மணல் மேடு வேண்டும்

(நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் நடந்த தாய்மார் கூட்டத்தில், சங்க உறுப்பினரான கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம், வீடு, தண்ணீர் என்று பேசியே பழகிய மேடை இது. இன்று நாம் பேச வந்திருப்பது மணலைப் பற்றி. "மணலுக்கும் ஒரு பேச்சா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் முடியும்வரை இருந்து கேளுங்கள்.

வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்குப் போகிறோம். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் உச்சிப் பொழுது நெருங்கிவிடுகிறது. அதுவரை நாலு வயதுப் பிள்ளை என்ன செய்கிறது? ஆயாக் கொட்டகை உள்ள இடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறது. இல்லாத இடத்தில் பாட்டியோடு இருக்கிறது. பாட்டி அசந்தால் கையில் தொலைபேசி. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, நல்ல பிள்ளை என்று நாமும் மகிழ்ந்து போகிறோம். கைகால் ஓடியாட வேண்டிய வயதில் பிள்ளை அசையாமல் இருப்பது நல்லதா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டாமா?

நம் முன்னோர் இதற்குச் செலவில்லாத வழி வைத்திருந்தார்கள். அதுதான் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். இலங்கைத் தமிழர் இதைக் கீச்சு மாச்சுத் தம்பலம் என்பார்கள். பாட்டிமார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சின்னத் தாய்மார்களுக்காகச் சொல்கிறோம்.

இரண்டு பேர் போதும். ஈர மணலை முழ நீளத்துக்கு வரப்புப் போலக் குவித்து, இரு பக்கமும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒரு பிள்ளை சிறு துரும்பை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் பெயரையே ராகமாகச் சொல்லியபடி, மணலுக்குள் கையை முன்னும் பின்னும் ஓட்டும். ஓட்டுகிற ஓட்டத்திலேயே எங்கோ ஓரிடத்தில் துரும்பை விட்டுவிடும். எதிரிலுள்ள பிள்ளை, இங்கேதான் இருக்கும் என்று நினைக்கும் இடத்தை இரு கைகளையும் கோத்துப் பொத்த வேண்டும். பொத்திய மணலில் துரும்பு இருந்தால் ஆட்டம் கைமாறும்.

இல்லாவிட்டால்தான் வேடிக்கை. தோற்ற பிள்ளையின் இரு கைகளிலும் மணலை அள்ளி வைத்து, அதன் மேல் துரும்பை நட்டு, கண்ணைப் பொத்தி, சுற்றிச் சுற்றி எங்கோ அழைத்துப் போய் மணலைக் கொட்டச் சொல்வார்கள். பிறகு வேறு வழியாகத் திரும்பக் கூட்டி வந்து, கண்ணைத் திறந்துவிட்டு, "போய்க் கண்டுபிடி" என்பார்கள். புதையல் தேடுவது இதுதான்.

இதில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எதிராளியின் முகத்தையும் முழங்கையையும் பார்த்தே துரும்பு எங்கே விழுந்தது என்று ஊகிக்க வேண்டும். கண்ணை மூடி நடந்த வழியை, எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மனத்தில் வைத்திருக்க வேண்டும். தோற்றாலும் மறுபடி உட்கார வேண்டும். நாளை பென்சில் பிடிக்கப் போகும் விரலுக்கு மணல் நல்ல பயிற்சி. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தலைவர்களுக்கும் முகம் பார்த்து மனம் அறியும் இந்த வித்தை கொஞ்சம் வேண்டியதுதான்!

மணல் விளையாட்டு நமக்குப் புதிதன்று. சிறுமியர் மணலில் கட்டும் சிறு வீட்டைச் சிற்றில் என்று சங்க நூல்களே பேசுகின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென்று ஒரு பருவமே உண்டு. மேல்நாட்டிலும் பாருங்கள். 1885இல் மேரி சக்ஷெவ்ஸ்கா என்ற பெண் மருத்துவர் பெர்லின் நகரப் பூங்காக்களில் பிள்ளைகளுக்கென்று கொட்டியிருந்த மணல் குவியல்களைப் பார்த்து, அமெரிக்காவின் போஸ்டன் நகரத்தாருக்கு எழுதினார். அதன் பயனாக அங்கே ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் மணல் கொட்டினார்கள். அந்நாட்டின் பொது விளையாட்டிடங்களுக்கு அந்த மணலே முதல் வித்து. பாடுபட்டுப் பிழைப்பவர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய காரியம் அது என்பதைத் தோழர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

நம் லயத்து வாசலில் இருப்பது களி கலந்த செம்மண். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் கல். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகும் நாளில் நம் பிள்ளைகள் மணலைவிட்டு எழ மறுப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருநாள் கிடைப்பது அன்றாடம் கிடைத்தால் ஆகாதா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆயா கண்பார்வையில், நிழலில், லாரியும் டிராக்டரும் வராத இடத்தில், சுற்றிலும் பலகை அடித்து, அடியில் தண்ணீர் வடிய வழி விட்டு, ஒரு சாண் ஆழத்துக்குச் சுத்தமான ஆற்று மணல் கொட்டித் தர வேண்டும். தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமே பேசுகிறது. விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பிள்ளைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 1995இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை.

நிர்வாகம் மணல் தந்தால் மற்றது நம் பொறுப்பு. மாலையில் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நாயும் பூனையும் அசிங்கம் செய்த மணலிலிருந்து கொக்கிப்புழு வெறுங்காலில் ஏறும். காலையில் ஒருமுறை கிளறி, கண்ணாடித் துண்டு, தேள், பூரான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மணல் அள்ளச் சிரட்டை கொடுங்கள்; ஆசிட் போத்தலும் களைக்கொல்லி டப்பாவும் கழுவியிருந்தாலும் கொடுக்காதீர்கள். துரும்புக்குப் பதில் ரப்பர் விதையை ஒளிக்க வேண்டாம். பச்சை விதையில் நஞ்சு உண்டு. சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடும். ஆட்டம் முடிந்ததும் கைகால் கழுவச் சொல்லுங்கள்.

ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிராணி வீட்டுப் பிள்ளை வேலிக்குள்ளும் லயத்துப் பிள்ளை வேலிக்கு வெளியேயும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் போதும். தோட்டத்துக்கு மணல் மேடு ஒன்றுதான் இருக்க வேண்டும். நாம் செக்ரோல் எழுதுகிறோம், நீங்கள் பால் வெட்டுகிறீர்கள். பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே துரும்பைத் தேடட்டும். அடுத்த வீட்டு மலாய்ப் பிள்ளை வந்தாலும் இடம் கொடுக்கட்டும். இந்த ஆட்டத்துக்கு மொழி தடையில்லை. சிறு வயதில் கூடி உட்கார்ந்தவர்கள் பெரியவர்களானதும் சங்கத்தில் கூடி உட்காருவது எளிது.

இன்றே தீர்மானம் எழுதிக் கையெழுத்திடுவோம். மணல் வந்து இறங்கும் அன்று மண்வெட்டியோடு ஆண்கள் வாருங்கள். பாட்டிமார்களே, நீங்கள் முன்னால் வந்து உட்காருங்கள். ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்க உங்களை விட்டால் வேறு ஆசிரியர் நமக்கு இல்லை.