பதிவேட்டில் பிறந்த குடும்பப் பெயர்கள்

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி திறந்ததும் பாடப்புத்தகத்துக்கு முன்பாகவே நம் கைக்கு வருவது சேர்க்கைப் பதிவேடு. ஒரு குழந்தையின் பெயரை நாம் அதில் எழுதுகிறோம். அந்தப் பெயர் மாற்றுச் சான்றிதழுக்குப் போகிறது, மதிப்பெண் சான்றிதழுக்குப் போகிறது, பிறகு கடவுச்சீட்டுக்கும் போகிறது. எழுத நமக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். அதைச் சுமப்பவருக்கு ஒரு வாழ்நாள்.

எழுதப்பட்ட பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் நாயுடூ, பிள்ளே, மூட்லி, கவெண்டர், படையாச்சி, செட்டி, நாயக்கர் என்று பெயர்கள் வரிசையாக வரும். இவை குழந்தைகளின் சொந்தப் பெயர்கள் அல்ல. பரம்பரை பரம்பரையாக வரும் குடும்பப் பெயர்கள். கேட்டவுடன் நமக்கு அடையாளம் தெரிகிறது. நாயுடு, பிள்ளை, முதலி என்ற பட்டங்கள்தாம் இவை. கவெண்டர் என்பது கவுண்டர் என்ற சொல்லின் திரிபு என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இந்தப் பெயர்களைத் தாங்கியவர்களின் முன்னோர் பலர் கப்பல் ஏறியபோது அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. அது எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு பெயர், ஓர் எண்

நேட்டால் அப்போது பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவர ஏற்பாடு ஆயிற்று. முதல் ஆண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடர்' வந்தது. 1911-இல் இந்த முறை நிறுத்தப்படும் வரை மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். தமிழ் பேசியவர்களும் தெலுங்கு பேசியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கப்பலில் ஏறிய ஒவ்வொருவரையும் பற்றி ஒரு பட்டியலில் எழுதினார்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று அதில் பல கட்டங்கள். அந்தப் பட்டியல்கள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

'பெயர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும். முனியன், வீராசாமி, பெருமாள், அம்மாக்கண்ணு என்பது போல. காரணம் எளிது. கிராமத்தில் இரண்டாவது பெயருக்குத் தேவையே இல்லை. 'யார் மகன்?' என்று கேட்டால் தகப்பன் பெயரைச் சொல்வார்கள். 'எந்தத் தெரு?' என்று கேட்டால் தெருவைச் சொல்வார்கள். அதற்கு மேல் கேட்பவர் யாரும் இல்லை.

எழுதிய எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் ல, ள, ழ என்ற வேறுபாடு இல்லை, ர, ற வேறுபாடும் இல்லை. 'ஊ' ஓசைக்கு 'ஓ' எழுத்தை இரண்டு முறை போடுவது அக்கால வழக்கம். முனுசாமி அதனால்தான் 'மூன்சாமி' ஆனார். முதலி 'மூட்லி' ஆயிற்று. நம் ஊரில் நாயுடு என்று முடியும் சொல், அங்கே இன்றும் அந்த இரட்டை 'ஓ'வுடன்தான் எழுதப்படுகிறது. அதாவது, 19ஆம் நூற்றாண்டு எழுத்தரின் கைப்பழக்கத்தை இன்றைய குழந்தை தன் நோட்டுப் புத்தக அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறது.

கரை இறங்கிய பிறகு பெயரைவிட எண்ணே முக்கியமானது. தோட்டத்தை விட்டு வெளியே போகும் அனுமதிச் சீட்டிலும் மற்ற அரசு ஆவணங்களிலும் அந்த எண்தான் ஆளுக்கு அடையாளம். பெயரைக் கொண்டு கூப்பிட்டவர்களும் ஒழுங்காகக் கூப்பிடவில்லை. தமிழ்ப் பெயர்கள் பலவும் 'சாமி' என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர்கள், இந்தியர் எல்லாரையும் 'சாமி' என்று இளக்காரமாக அழைத்தார்கள். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். சாமி என்றால் எஜமான் என்று பொருள், என்னை எஜமான் என்கிறீர்களே என்று நம்மவர்கள் சிலர் திருப்பிக் கேட்டதையும் அவர் குறித்திருக்கிறார். தன் மொழியின் பொருள் தெரிந்தவனை எளிதில் இழிவுபடுத்த முடியாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வகுப்பில் சொல்லுங்கள், மாணவர்கள் ரசிப்பார்கள்.

குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது

ஒப்பந்தம் முடிந்த பலர் அங்கேயே தங்கினார்கள். காய்கறி பயிரிட்டார்கள், கூடை சுமந்து விற்றார்கள், மீன் பிடித்தார்கள், சிலர் நிலம் வாங்கினார்கள். கல்யாணத்தைப் பதிய வேண்டும், வியாபார உரிமம் வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி வந்தது: குடும்பப் பெயர் என்ன?

இதற்குப் பதில் இரண்டு வழியில் வந்தது. சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். அந்த வீடுகளில் மூன்சாமி, பெருமாள், கோவிந்தசாமி என்பவை குடும்பப் பெயர்களாக நிலைத்தன. தமிழ்நாட்டில் முன்னெழுத்தாகச் சுருங்கி நிற்கும் தந்தை பெயர், அங்கே பின்னால் போய் நின்று எல்லாத் தலைமுறைக்கும் பொதுவாகிவிட்டது. வேறு சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள். அந்த வீடுகள் பிள்ளே, மூட்லி, படையாச்சி ஆயின.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பட்டத்தைச் சொன்னவர்கள் எல்லாரும் ஊரில் அந்தப் பட்டத்துக்கு உரியவர்களாக இருந்தவர்கள் அல்லர். கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் ஒன்று இருக்க, பிற்காலத்துக் குடும்பப் பெயர் வேறொன்றாக இருப்பது உண்டு. வரலாற்றாய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஊரில் யாரால் தலைநிமிர முடியவில்லையோ, அவர் கடல் தாண்டிய பிறகு தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார். 'நீ யார், உனக்கு ஏது இந்தப் பட்டம்' என்று கேட்க ஊர்ப் பெரியவர் யாரும் அங்கே இல்லை. ஆகவே டர்பனில் ஒருவர் பெயர் பிள்ளே என்பதை வைத்து அவர் முன்னோர் இன்னார் என்று முடிவு கட்ட முடியாது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ஒரே கொள்ளுத்தாத்தாவின் பேரப்பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு இருப்பதும் உண்டு.

இதே காலத்தில் தாய்மண்ணில் நேர்மாறான ஒன்று நடந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தந்தை பெரியார் தம் பெயரிலிருந்த 'நாயக்கர்' என்பதை விட்டார். இன்று நம் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் சாதிப் பட்டம் இல்லாமல் இருப்பது தானாக நடந்ததன்று. பலர் பாடுபட்டு வந்த நிலை அது. இங்கே உதிர்க்கப்பட்ட சொற்களே அங்கே வெறும் முகவரி போலத் தங்கிவிட்டன. சொல் ஒன்றுதான். சுமக்கும் பொருள் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

ஒரு பெண்ணின் இரண்டு பெயர்கள்

வள்ளியம்மையை நாம் எல்லாரும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அவர் 1898-இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். ஒப்பந்தம் முடிந்து தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்க 1895-இல் சட்டம் வந்திருந்தது. 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பால், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்களுக்குச் சட்ட மதிப்பு இல்லாமல் போயிற்று. மனைவி மனைவி அல்ல, பிள்ளை வாரிசு அல்ல என்றாயிற்று. அதாவது ஒரு குடும்பம் தன் பெயரைச் சொல்லும் உரிமையே கேள்விக்குள்ளானது. பெண்கள் போராட்டத்துக்கு வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வள்ளியம்மை தம் தாயுடன் சிறை சென்றார். கடும் காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவ்வாண்டே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. திருமணங்களையும் ஏற்றது.

தென்னாப்பிரிக்கப் போராட்டம் பற்றிய தம் நூலில் காந்தியடிகள் அவரைக் குறிப்பிடும்போது, தந்தை பெயரையும் பட்டத்தையும் சேர்த்து வள்ளியம்மா முனுசாமி முதலியார் என்று எழுதுகிறார். நமக்கு அவர் தில்லையாடி வள்ளியம்மை. தில்லையாடி அவருடைய தாயின் ஊர், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தகப்பனும் பட்டமும், இங்கே தாயின் ஊர். ஒரே பெண்ணை இரண்டு நிலங்கள் இரண்டு விதமாக உரிமை கொண்டாடுகின்றன.

அவர் வழியில் வந்தவர்கள் பலர். காந்தியடிகளோடு நின்ற தம்பி நாயுடூ மொரீஷியசில் பிறந்தவர். மருத்துவர் மான்டி நாயக்கர் 1947-இல் ஆப்பிரிக்கர் தலைவர் சூமா, இந்தியர் தலைவர் தாதூ ஆகியோருடன் சேர்ந்து கறுப்பரும் இந்தியரும் ஒன்றாகப் போராடும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ஸ்ட்ரினி மூட்லி, ஸ்டீவ் பிகோவுடன் கறுப்பர் தன்னுணர்வு இயக்கத்தை வளர்த்து, ராபன் தீவில் சிறைப்பட்டார். ஜெய் நாயுடூ தொழிற்சங்கத் தலைவராக இருந்து 1994-இல் மண்டேலாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். பேருந்து ஓட்டுநரின் மகளான நவநீதம் பிள்ளே நீதிபதியாகி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையராக இருந்தார். சாதிக்கு அடையாளமாக இருந்த சொற்கள், நிறவெறியை எதிர்த்தவர்களின் பெயர்களாக உலகம் அறிய நின்றன.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் பலர் தங்கள் முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது குடும்பப் பெயர் அல்ல. அன்று மனிதரை எண்ணாக்கிய அந்தக் கப்பல் எண்தான். எண் கிடைத்தால் பட்டியலில் வரி கிடைக்கும், அந்த வரியில் ஊர் இருக்கும். ஆனால் ஊர்ப் பெயரை எழுத்தர் தாறுமாறாக எழுதியிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். பெயர் தெரியாத ஓர் எழுத்தர் அன்று இன்னொரு முறை கேட்டு எழுதியிருந்தால், ஐந்து தலைமுறைக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்குத் தன் ஊர் கிடைத்திருக்கும்.

நாமும் அந்த எழுத்தரின் நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறோம். அதனால் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, சேர்க்கையின்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதுவதோடு நின்றுவிடாமல், எழுதியதைப் பெற்றோருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயாக இருந்தால் இது மிகவும் அவசியம். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் ஓர் எழுத்தைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை அலுவலகம் ஏற வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, முன்னெழுத்து. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் மாணவரிடம் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. தந்தை பெயரை அங்கே எழுதுகிறார். அதன்பின் வகுப்பில் எல்லாரும் அவரை அவர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! மேல்நிலை மாணவர்களுக்கு இதை முன்கூட்டியே விளக்கி, எல்லாச் சான்றிதழ்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பெயரைக் கேலி செய்வதை வகுப்பில் அனுமதிக்காதீர்கள். பழைய காலப் பெயர், குலதெய்வப் பெயர், வடமாநிலத் தொழிலாளியின் குழந்தைக்கு இருக்கும் நம் வாயில் நுழையாத பெயர், எதுவானாலும் சரி. சுருக்கியோ மாற்றியோ கூப்பிடாமல் அந்தக் குழந்தையிடமே கேட்டுச் சரியாக உச்சரியுங்கள்.

நான்காவது, ஒரு செயல்பாடு. 'என் பெயர் எப்படி வந்தது?' என்று வீட்டில் கேட்டு அரைப் பக்கம் எழுதி வரச் சொல்லலாம். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள், வீட்டில் வேறு செல்லப் பெயர் உண்டா என்பது போதும். சாதி, பட்டம் பற்றிய கேள்வி அதில் வேண்டாம். பெற்றோர் இல்லாத பிள்ளை, தாய் மட்டும் வளர்க்கும் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். விரும்பியவர் மட்டும் படித்துக் காட்டட்டும். அதன்பின் உலக வரைபடத்தில் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒரு கோடு போட்டு 'ட்ரூரோ' கப்பலின் கதையைச் சொல்லுங்கள். ஒப்பந்தக் கூலி முறை என்ற பாடம் அதற்குப் பிறகு தேர்வுக்கான குறிப்பாக மட்டும் நின்றுவிடாது.

நாளை காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது ஒவ்வொரு பெயரையும் முழுமையாக, தெளிவாகக் கூப்பிடுங்கள். தன் பெயர் சரியாக ஒலிப்பதைக் கேட்கும் குழந்தை, 'உள்ளேன் ஐயா' என்று சொல்லும் குரலிலேயே வேறுபாடு தெரியும்.