உப்பளத்து வீட்டுக்கு ஒரு கதை



பிள்ளை வெளிநாட்டில், பெற்றவர்கள் ஊரில் தனியாக. இந்தக் கதையை எத்தனையோ முறை படித்துவிட்டோம். பெரும்பாலும் மகன் அமெரிக்காவில், அப்பா மாம்பலத்தில். மராத்தியில் ஜெயவந்த் தள்வி எழுதிய ‘சந்தியா சாயா’ நாடகத்திலும் மூத்தவன் அமெரிக்காவில்தான். மரக்காணம் பக்கத்துக் கூனிமேட்டில் வைத்து எழுதினால் இது வேறு தடத்தில் போகும்.

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரிய அப்பா. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளம். வெயில் திரும்பும்வரை கூலி கிடையாது. ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி மகனைத் துபாய்க்கு அனுப்பியவரே அவர்தான். அப்புறம் எந்த வாயால் “ஏன்டா போனே” என்று கேட்பார்? மகனை நன்றி கெட்டவனாக்கிக் கதையை முடித்துவிட இங்கே வழியில்லை.

அப்பா இறந்துபோகிறார். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பது நம் பக்கத்து வழக்கம். வாசலில் சாமியானா போட்டாயிற்று, திண்டிவனத்திலிருந்து ஐஸ்பெட்டியும் வந்தாயிற்று. கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒருவர் ஜெனரேட்டருக்கு அலைகிறார். “டிக்கெட் போட்டுட்டானா?” என்று பங்காளிகள் நச்சரிக்கிறார்கள். அவனோ முதலில் லீவு வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆனாலும் பலருடைய பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில்தான் இருக்கிறது.

கூனிமேட்டில் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. பாய் வீட்டில் மவுத்து என்றால் ஜனாஸாவைப் போட்டு வைப்பதில்லை, சீக்கிரமே அடக்கம். வளைகுடாவில் இருக்கும் மகன் வராவிட்டால் யாரும் அவனைக் குறை சொல்வதில்லை. நம் வீடுகளிலும் முன்பு பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். மகன் தொலைவில் இருந்தால் தம்பி மகன் கொள்ளிச்சட்டி பிடிப்பான். ஐஸ்பெட்டி வந்தபிறகுதான் ‘அவன் வரட்டும்’ என்பது கட்டாயமாயிற்று. இதை எழுதிய கதை எதுவும் என் கண்ணில் படவில்லை.

பிள்ளை போன வீட்டின் துயரம் நமக்குப் புதிதில்லை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் ‘மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து’ என்று பத்துப் பாட்டே பாடியிருக்கிறார். காதலனோடு போன மகளை நினைத்துப் புலம்பும் தாய் அங்கே பேசுகிறாள். தகப்பன் வாய் திறப்பதில்லை.

என் கதையிலும் அம்மாதான் பேசுவாள். இரண்டாம் நாள் மத்தியானம், “எடுத்துடுங்க. மச்சினன் மவன் வைக்கட்டும். பெரியவன் காரியத்துக்கு வந்தாப் போதும்.” பங்காளிகள் சும்மா விடுவார்களா? அந்தச் சண்டையை எழுதத்தான் ஒரு நல்ல கை வேண்டும்.