புகார் ‘க்ளோஸ்’ ஆச்சு, லைட் எரியல!

(ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்தில் நான் பேசியது. வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில்.)



எங்க தெரு முனையில, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு தெருவிளக்கு. அது எரியாம ரெண்டு வாரம் கிடந்தது. ஊர் பேர் வேண்டாம், உங்க ஊர்லயும் இதே கதைதான். என் அக்கா செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி அந்த வழியாதான் நடந்து வரணும். ஆப்ல புகார் போட்டேன். மூணாவது நாள் எஸ்.எம்.எஸ். வந்தது: “தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.” போய்ப் பார்த்தா அதே இருட்டு. போன் பண்ணிக் கேட்டா, “சிஸ்டம்ல க்ளோஸ்னு காட்டுதே சார்”னு பதில்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். சாஃப்ட்வேர் வேலையில ஒரு பழக்கம் உண்டு. கோடு எழுதினவர் “சரி பண்ணிட்டேன்”னு சொல்லலாம். ஆனா டெஸ்டர் ஓட்டிப் பார்த்து, சரியா இருந்தாதான் டிக்கெட்டை மூடுவாங்க. மாநகராட்சிப் புகாருக்கு டெஸ்டர் யாரு? புகார் கொடுத்த நீங்கதான். ஆனா மூடுற பட்டன் உங்க கையில இல்ல.

இது கம்பத்துல ஏறி வேலை பார்க்கிறவரைக் குறை சொல்ற பேச்சு இல்ல. மேலே இருக்கிறவங்க “பெண்டிங் எத்தனை?”னு மட்டும் கேட்டா, கீழே இருக்கிறவங்க பெண்டிங்கைத்தான் குறைப்பாங்க. பிரச்சினை அப்படியே இருக்கும்.

அடுத்தது, துறைக் குழப்பம். சென்னையை எடுத்துக்குங்க. 2011 விரிவாக்கத்துல அது 426 சதுர கி.மீ., 15 மண்டலம், 200 வார்டுன்னு ஆச்சு. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியோட 1913. கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம், அதுக்குத் தனி எண். கரண்டுக்கு மின்னகம், அதுக்கும் தனி எண். வாசல்ல கறுப்புத் தண்ணி நிக்குது. அது மழைநீர் வடிகால்ல இருந்து வருதா, பாதாளச் சாக்கடையில இருந்து வருதான்னு எழுபது வயசுப் பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பாங்க? உரிய துறைக்கு அனுப்ப வேண்டியது சிஸ்டத்தோட வேலை.

முடியாத காரியமா? நியூயார்க் நகரத்துல 2003-லயே 311-ன்னு ஒரே எண் கொண்டுவந்தாங்க. எந்தத் துறைன்னு தெரியாமலே பேசலாம். 2010-ல இருந்து வந்த புகார்ப் பதிவுகளை யார் வேணும்னாலும் இணையத்துல இறக்கிக்கலாம். என்னைக்கு வந்தது, எந்தத் துறைக்குப் போச்சு, என்னைக்கு, என்ன சொல்லி மூடினாங்க, எல்லாம் இருக்கும். அங்கேயும் “சரி பண்ணாமலே மூடிட்டாங்க”ன்னு மக்கள் திட்டுறாங்க. ஆனா திட்டுறதுக்கான ஆதாரம் அரசோட பதிவுலயே கிடைக்குது. அந்த வித்தியாசம்தான் நமக்கு வேணும்.

நாம கேட்கிறது மூணே மூணு:

1. புகார் கொடுத்தவர் “சரி”ன்னு சொன்ன பிறகே புகாரை மூடணும். “இல்லை”ன்னா அதே எண்ணுல திரும்பத் திறக்கணும்.

2. பெயர், போன் நம்பரை நீக்கிட்டு, வார்டு வாரியா புகார்ப் பதிவை வெளியிடணும்.

3. துறை மாத்துறதை அவங்களே உள்ளுக்குள்ள செய்யணும். மக்களை அலைய விடக்கூடாது.

ஐ.டி. விங்னா மீம் போடுறது மட்டும் இல்ல தோழர்களே. இந்த வாரம் உங்க தெருவுல ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்குப் போங்க. அவங்க புகாரைப் பதிவு பண்ணி, புகார் எண்ணை ஒரு தாள்ல எழுதி அவங்க கையில கொடுங்க. பதியும்போது ஒரு போட்டோ எடுங்க. “தீர்ந்தது”ன்னு மெசேஜ் வந்ததும் அதே இடத்துல இன்னொரு போட்டோ. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அன்னைக்கே மறுபடி புகார். அதுக்கும் அசையலைன்னா 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள்ள பதில் தரணும். “இந்தப் புகாரை யார், எந்த ஆய்வின் அடிப்படையில் மூடினார்?”னு கேளுங்க.

இன்னொண்ணு. நம்ம கவுன்சிலர் ஜெயிச்ச வார்டுலயும் இதே அளவுகோல்தான். அங்கே கண்ணை மூடிக்கிட்டா, அடுத்த வார்டுல கேள்வி கேட்க நமக்கு வாய் இருக்காது.

அக்கா வர்ற வழியில விளக்கு எரிஞ்சிடுச்சு, நாலாவது புகாருக்குப் பிறகு. அவங்க கணக்குல “தீர்க்கப்பட்ட புகார்கள்: நாலு.” எங்க தெருவுல எரிஞ்சது ஒரே ஒரு விளக்கு.

களத்தில் சந்திப்போம்!

#மூடும்_உரிமை_மக்களுக்கே